தறிக்குடோனிலிருந்து வந்த டூ-இன்-ஒன்

சோமனூர்ப் பக்கத்தில் ஓட்டம் நின்றுபோன ஒரு தறிக்குடோனைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சென்ற மார்கழியில் அங்கே போயிருந்தேன். காலிப் பாவு உருளைகளுக்கும் உடைந்த நாடாக் கட்டைகளுக்கும் இடையில், கைப்பிடி ஒரு பக்கம் கழன்ற நிலையில், ஜப்பானில் செய்த ஒரு ஸ்டீரியோ டூ-இன்-ஒன் கிடந்தது. இரண்டு ஸ்பீக்கர், ஒரு கேசட் அறை, நான்கு பேண்டு ரேடியோ, முகப்பில் இரண்டு முள் மீட்டர்கள். "ஏனுங்க தம்பி, அது பாடி இருவது வருசம் ஆச்சுங்க. பழைய இரும்போட சேத்து எடுத்துக்கறதுன்னா எடுத்துக்குங்க" என்றார் குடோன்காரர். 800 ரூபாய் கொடுத்தேன். என்னிடம் இருக்கும் பெட்டிகளில் இது நான்காவது.

பூம்பாக்ஸ் என்ற பெயர் எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது. எங்கள் ஊரில் இது டூ-இன்-ஒன், அல்லது வெறும் டேப்பு. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லினில் அறிமுகப்படுத்திய சிறிய கேசட்டையும் ரேடியோவையும் ஒரே பெட்டிக்குள் அடக்கியதால் வந்த பெயர் அது. இந்தப் பெட்டி, வளைகுடா சென்று திரும்பிய பாலக்காட்டுக்காரர் ஒருவரிடமிருந்து வாளையாறு தாண்டி வந்ததாகக் குடோன்காரர் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டது நல்லதாயிற்று. பின்புறம் இருந்த மின்னழுத்தத் தேர்வுச் சுவிட்சு 110-இல் நின்றிருந்தது; அப்படியே 230 வோல்ட்டைக் கொடுத்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் அன்றே போயிருக்கும். பேட்டரி அறையில் ஆறு பெரிய கட்டைகளும் கசிந்து, கம்பிச்சுருள்களில் பச்சை பூத்திருந்தன. கசிந்தவை அல்கலைன் கட்டைகளாக இருந்தால் வினிகரால் துடைக்க வேண்டும். இவை சாதாரணக் கார்பன்–துத்தநாகக் கட்டைகள் என்பதால் சமையல் சோடாக் கரைசலைப் பயன்படுத்தி, பிறகு உப்புத்தாளால் தேய்த்தேன்.

பெட்டியைத் திறந்தபோதுதான் அது எங்கே வேலை பார்த்தது என்பது முழுமையாகத் தெரிந்தது. கேசட் இயங்குபகுதி முழுவதும் பஞ்சுத் தூசி எண்ணெயில் ஊறிக் கம்பளித் துண்டுபோல் படிந்திருந்தது. தறிக்கு எண்ணெய் விடும் கையோடு இதற்கும் யாரோ தாராளமாக விட்டிருக்கிறார்கள். டேப் ரிக்கார்டரில் எண்ணெய் தேவைப்படும் இடங்கள் மிகச் சில. அங்கும் ஒரு சொட்டுக்கு மேல் கூடாது. மோட்டாரிலிருந்து ஃபிளைவீல் என்ற கனமான சக்கரத்துக்குப் போகும் பெல்ட் கருப்பட்டிப் பாகாக உருகி, புல்லியில் ஒட்டியிருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சுக்குச்சிகளுமாக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே கழிந்தன.

பெல்ட்டின் அளவு எந்தக் கடையிலும் எழுதி வைத்திருக்காது. பெல்ட் ஓடும் பாதையில் தையல் நூலைச் சுற்றி அளந்து, இழுவிசைக்காக அதில் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு குறைத்துக்கொண்டேன். கோவையில் இரண்டு உதிரிபாகக் கடைகள் ஏறி இறங்கியதில் ஃபிளைவீலுக்கும், சுருட்டும் பக்கத்துக்கும், நாடா ஓடிய அளவைக் காட்டும் எண்காட்டிக்குமாக மூன்று பெல்ட்டுகள் கிடைத்தன.

போனால் போகட்டும் என்று வைத்திருந்த ஒரு கேசட்டைப் போட்டேன். அரை நிமிடம் பாடிவிட்டு நாடாவை உள்ளே இழுத்துச் சிக்கலாக்கியது. குற்றவாளி பின்ச் ரோலர் எனப்படும் ரப்பர் உருளை. கேப்ஸ்டன் தண்டோடு நாடாவை அழுத்தி நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்த்த வேண்டிய அந்த உருளை, கெட்டியாகிக் கண்ணாடிபோல் வழுக்கியது. மெல்லிய உப்புத்தாளால் அதன் பளபளப்பை எடுத்ததும் சிக்கல் நின்றது. ஆனாலும் இது தற்காலிகம்தான், புது உருளை வாங்கியாக வேண்டும். ஒரு ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடியதற்குப் பதிவு–ஒலிப்பு மாற்றும் நீளமான சுவிட்சு காரணமாக இருந்தது. சுத்திகரிக்கும் ஸ்பிரே அடித்து நாற்பது முறை முன்னும் பின்னும் நகர்த்தியதில் அது சரியானது. இந்தச் சுவிட்சு பழுதான பெட்டியில் அருமையான கேசட்டைப் போட வேண்டாம், பதிவு நிலையில் சிக்கியிருந்தால் பாட்டு அழிந்துவிடும். மேலே பதிவாகாமல் தடுப்பதற்காகப் பதிவுக்காதை (கேசட்டின் பின்விளிம்பில் உள்ள சிறு தகட்டை) உடைத்த கேசட்டைக்கூட நான் நம்பிப் போடுவதில்லை.

இதற்குப் பிறகு வந்த சிக்கலைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. பாட்டு தெளிவாகப் பாடியது, ஆனால் பாடகரின் குரல் பத்து வயது குறைந்திருந்தது. சரியான வேகத்தில் ஓடும் என் இன்னொரு டெக்கில் 3000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிவு செய்து இதில் போட்டு, கைப்பேசிச் செயலியில் பார்த்தபோது 3110 காட்டியது. பாதி சுரத்தில் பாதிக்கும் மேல் சுருதி ஏறியிருக்கிறது. புதுப் பெல்ட்டின் மேல் சந்தேகப்பட்டு ஒரு வாரத்தை வீணாக்கிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. எண்ணெய் பட்ட பழைய பெல்ட் வழுக்கியதால் பாட்டு இழுத்திருக்கிறது. அதைச் சரிசெய்ய வந்தவர் பெல்ட்டைத் துடைக்காமல், மோட்டாரின் பின்புறத் துளைக்குள் இருக்கும் சிறு திருகைத் திருப்பி வேகத்தைக் கூட்டியிருக்கிறார். வழுக்காத பெல்ட் வந்ததும் அந்தக் கூடுதல் வேகம் அப்படியே வெளிப்பட்டது. திருகை இம்மியளவு பின்னோக்கித் திருப்பினேன். 3004 வந்ததும் கையை எடுத்துவிட்டேன்.

நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டின் சாய்வைச் சரிசெய்வது காது சார்ந்த வேலை. ஹெட்டின் இடைவெளி நாடாவுக்குச் செங்குத்தாக இல்லையென்றால் உச்ச ஒலிகள் மங்கிவிடும். ஜால்ரா ஒலி மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் திருகை நிறுத்தினேன்.

ரேடியோவுக்கு அதிக வேலை இல்லை. ஏற்றுமதிக்குச் செய்த பெட்டி என்பதால் பண்பலை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்தது; ஜப்பானின் உள்நாட்டுப் பெட்டியாக இருந்தால் அது 76 முதல் 90 வரையோடு நின்றிருக்கும், மின்சாரமும் 100 வோல்ட் கேட்கும். வெளியூரிலிருந்து வரவழைக்கும் நண்பர்கள் முதலில் டயலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மத்திய அலையில் கோவை வானொலி 999-இல் கிடைத்தது, வீட்டின் எல்.இ.டி. விளக்குகளை அணைத்த பிறகு.

ஷார்ப் ஜி.எஃப்-777, ஜே.வி.சி. ஆர்.சி-எம்90 போன்ற பெரும் பெட்டிகளைத் தேடி அலைபவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அந்த ஆசை குறைந்துகொண்டே வருகிறது. விலை ஒரு காரணம், நம் பக்கத்தில் உழைத்த பெட்டிகளில் இத்தனை படிக்கக் கிடைக்கிறது என்பது இன்னொன்று. இதன் ஒலியளவு நழுவியை, அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளும் கட்டையை, எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கரித்தடத்தின் மேல்புற மூன்றில் ஒரு பங்கு மட்டும்தான் தேய்ந்திருந்தது. கீழ்ப்பகுதி புதிதாகவே இருந்தது. தறிச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே!

தை மாதம் குடோன்காரர் வீட்டுக்கு வந்தபோது போட்டுக் காட்டினேன். சற்று நேரம் கேட்டவரின் கை தானாகப் போய் நழுவியை மேலே தள்ளியது. ஜன்னல் அதிர்ந்ததும் சிரித்துக்கொண்டே குறைத்து, "இத்தன வருசத்துல இதுல தபேலா கேக்கும்னே தெரியாதுங்க" என்றார்.

இடது மீட்டரின் முள் இன்னும் அசையவில்லை. கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முள்ளின் அச்சில் ஒரு பஞ்சிழை சுற்றியிருப்பது தெரிகிறது. நல்ல இடுக்கி கிடைக்கும்வரை அதைத் தொடப்போவதில்லை.