காலாப்பட்டில் ஒரு நாடக இரவு

நேற்றிரவு புதுச்சேரியை அடுத்த காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலை மாணவர்களின் நாடகம் பார்த்தேன். இன்னும் மனம் அங்கேயே இருக்கிறது. மேடையில் ஒரு ஐஸ் பெட்டி, ஒரு கிழிந்த வலை, அவ்வளவுதான். மீன் விற்கும் தாயாக நடித்த பெண் இல்லாத கூடையைத் தலைக்குத் தூக்கினாள். அந்தப் பாரம் அவள் கழுத்து நரம்பில் தெரிந்தது. பக்கத்தில் இருந்த வீராம்பட்டினத்து அம்மா, "அப்படியே என் மாமியார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிறுவர்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்து நாடகக் குழு நடத்திய நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் கண்மூடியது இந்தப் புதுச்சேரியில்தான். அவர் பெயரில் இந்தப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நிகழ்கலைப் பள்ளியின் பிள்ளைகள் இன்று தங்கள் காலத்தின் கதையைத் தாங்களே எழுதி ஆடுகிறார்கள்! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாளை மறுநாள் அடுத்த நாடகம். என் காரில் மூவருக்கு இடமிருக்கிறது. வருபவர்கள் சொல்லுங்கள்.