விலங்கியல் ஆய்வுகூடமும் ஓர் ஆட்டு இதயமும்

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டதும் முதலில் மறுத்துவிட்டேன். இந்த மலரில் வழக்கமாகக் கிரிக்கெட்டும் விடுதிச் சாப்பாடும் இல்லப் போட்டியும்தான் வரும், மூன்றிலும் எனக்குப் பெரிய பங்கில்லை. எல்லைக்கோட்டுக்கு வெளியே போன பந்தைப் பொறுக்கிக் கொடுத்தவன் நான், மத்தியானம் சைக்கிளில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவன். பிறகு யோசித்தபோது எனக்கும் எழுத ஒன்று இருக்கிறது, அது எங்கள் விலங்கியல் ஆய்வுகூடம். இந்த வருடம் அதை எழுதுவதற்கு ஒரு காரணமும் உண்டு. அது கடைசியில் வரும், செயற்குழுவில் இருப்பவர்கள் நேரமில்லை என்றால் நேரே அங்கே போகலாம்.

நாங்கள் 1994இல் உயர்தரம் எடுத்தவர்கள். உயிரியல் என்று ஒரே பாடம் அப்போது இல்லை, தாவரவியல் வேறு, விலங்கியல் வேறு. 1990 நடுப்பகுதிக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது, ஜாம் போத்தல் விளக்கில் படித்த கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன். ஆனால் பழைய நுணுக்குக்காட்டிக்கு மின்சாரமே வேண்டாம் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. மேடைக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குழிவு, அதைத் திருப்பித் திருப்பி யன்னல் வெளிச்சத்தைப் பிடித்தால் போதும். நேர் வெயிலைப் பிடித்தால் கண் போய்விடும், வெள்ளைச் சுவரில் பட்டு வருகிற வெளிச்சம்தான் திறம் என்பார் எங்கள் விலங்கியல் சேர். அதனால் செய்முறை வகுப்பு எப்போதும் காலையில்தான். மாரியில் மப்பு மூடிவிட்டால் அன்றைக்குக் கலமும் இல்லை ஒன்றும் இல்லை, படம் கீறல்தான்.

சேருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ஐதரா, தலையில் மயிர்போலக் கைகள் நீட்டிக்கொண்டு தண்ணீரில் வாழும் ஒரு சின்ன உயிரி அது. தலைமயிர் எந்நேரமும் குத்திக்கொண்டு நிற்கும். அவருக்கும் அது தெரியும் என்று நாங்கள் அறிந்துகொண்டது ஐதராப் பாடம் வந்த அன்றுதான். படத்தைக் கரும்பலகையில் அழகாகக் கீறிவிட்டு, "இவரைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே நல்லாய்த் தெரியும், அடுத்ததுக்குப் போவம்" என்று சொல்லிவிட்டு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

முதல் செய்முறை, எல்லா ஊரிலும் போல, வெங்காயத் தோல். அதற்கு அயடீன் விட வேண்டும், அயடீனோ ஆஸ்பத்திரிக்கே தட்டுப்பாடு. சேர் சிவப்பு மையை ஐதாக்கி ஒரு துளி விட்டார். சிவப்பு மைகளில் இயோசின் என்ற சாயம் சேர்ப்பதுண்டு, இன்றைக்கும் நோயாளியின் இழையத் துண்டுகளுக்கு வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் போடும் சாயங்களில் அதுவும் ஒன்று, ஆகவே அது ஒன்றும் ஏமாற்று வேலை இல்லை. முதல் ஐந்து நிமிடம் நாங்கள் எல்லோரும் பார்த்தது காற்றுக் குமிழியைத்தான். சுற்றிவரக் கறுப்பு வளையத்தோடு வடிவான உருண்டையாக இருக்கும், ஒருவன் அதையே கரு என்று குறித்து அம்புக்குறியும் போட்டுவிட்டான்.

றொபேட் ஹூக் 1665இல் தக்கைச் சீவலில் கலங்களைக் கண்டார் என்று பத்தாம் வகுப்பிலேயே பாடமாக்கியிருந்தோம். அவர் பார்த்தது உயிர் போன பிறகு மிஞ்சிய வெறும் சுவர்களை, வாரும் உயிருள்ளதைப் பார்ப்பம் என்று சேர் றியோ இலையின் அடிப்பக்கத்து ஊதாத் தோலைச் சீவி வைத்தார். ஓரத்தில் உப்புத்தண்ணீர் ஒரு துளி விட்டதும் அந்த ஊதா நிறம் சுவரை விட்டு விலகிச் சுருங்கத் தொடங்கியது, நல்ல தண்ணீரை விட்டு மறுபக்கத்தில் ஒற்றுத்தாளால் உறிஞ்சினால் மெல்ல மெல்லத் திரும்ப விரிந்தது. உவர்க் கிணற்றை இறைத்தால் வெங்காயத் தோட்டம் ஏன் படுத்துவிடுகிறது என்று தோட்டக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை.

இனி ஆட்டு இதயம். சேர் இறைச்சிக்கடைக்காரரிடம் முதல்நாளே சொல்லிவைத்து, குழாய்களை ஒட்ட நறுக்காமல் நீளமாக விட்டுத் தரச்சொல்லி, வாழையிலையில் சுற்றிக்கொண்டு வருவார். செவ்வாயும் வெள்ளியும் சரிவராது, வகுப்பில் பாதிப்பேர் அன்றைக்கு மரக்கறி, தொடமாட்டார்கள். முழுச் சைவக்காரர் இரண்டு மூன்று பேர் எந்த நாள் என்றாலும் யன்னல் பக்கமாக நின்று எட்டி எட்டிப் பார்ப்பார்கள், அவர்களில் ஒருவர் இன்றைக்கு நல்ல பெயரெடுத்த சத்திரசிகிச்சை நிபுணர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புத்தகத்தில் வலது பக்கம் நீலம், இடது பக்கம் சிவப்பு. வாழையிலையைப் பிரித்தால் எல்லாம் ஒரே கபில நிறம். எது வலம் எது இடம் என்று கண்ணுக்குத் தெரியாது, இரண்டு விரலால் அமத்திப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மெத்தென்று அமரும், மறுபக்கம் அசையாது, அதுதான் இடது இதயவறை. பக்கத்திலே இருக்கிற நுரையீரலுக்குத் தள்ளுகிற அறைக்கும் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தள்ளுகிற அறைக்கும் ஒரே தடிப்பில் சுவர் எதற்கு என்று சேர் கேட்டார். பிறகு ஈர்க்குகளைக் கொடுத்தார். உடம்பில் இருந்து இரத்தம் வருகிற மேற்பெருநாளத்துக்குள் ஈர்க்கை விட்டால் மேலறையான சோணையறை, அங்கிருந்து முக்கூர் வால்வு தாண்டிக் கீழறையான இதயவறை. அங்கே ஈர்க்கு முட்டிக்கொண்டு நிற்கும், நுரையீரல் நாடிக்குள்ளால் இன்னொரு ஈர்க்கை எதிர்ப்பக்கமாக விட்டு இரண்டையும் சந்திக்க வைக்க வேண்டும். பாடமாக்கினவனுக்கு அது வராது. குருதிச் சுற்றோட்டத்துக்கு ரியூட்டரி என்ற தனியார் வகுப்புக் குறிப்பில் அழகான விடை இருந்தது, புள்ளியும் கிடைத்தது, ஆனால் ஈர்க்கை எந்த ஓட்டையில் விடுவது என்று அந்தக் குறிப்பில் ஓரிடத்திலும் இல்லை.

கடைசியாக, உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகிற தொகுதிப் பெருநாடியின் வாயைப் பிடித்துக்கொண்டு அதற்குள் தண்ணீர் வார்ப்பார். கீழே ஒழுகாது. அரைமதி வால்வின் மூன்று மடல்களும் நிறைந்து ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதை மேலிருந்து எட்டிப் பார்க்கலாம். செத்துப்போன இதயம், ஆனால் வால்வு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் பார்த்தவற்றுள் இதற்கு நிகராக ஒன்றும் இல்லை, பெரிய மட்ச் உட்பட.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. எங்கள் வகுப்பில் ஒருவன் மாதாமாதம் பெரியாஸ்பத்திரிக்குப் பென்சிலின் ஊசி போடப் போவான். ஏன் என்று அவனும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை, கேலி மட்டும் செய்வோம். சேர் இடது பக்கத்து இருகூர் வால்வை விரித்து, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் வெள்ளை நூல்களைக் காட்டி, தொண்டை நோவோடு வருகிற ஒரு பக்ரீறியாவை எதிர்க்கப் போய் உடம்பு தன் வால்வையே தாக்கிவிடுவதும் உண்டு, அதுதான் வாதக்காய்ச்சல், திரும்பத் திரும்ப வந்தால் வால்வு தடித்துச் சுருங்கிவிடும், அதற்காகத்தான் சிலர் வருடக்கணக்கில் மாதாந்த ஊசி போடுகிறார்கள் என்று சொன்னார். சொல்லும்போது அவன் பக்கம் ஒருதரமும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு கேலி நின்றுவிட்டது.

நோய்கள் அலகு எங்களுக்குத் தனிப் பாடமாகவே தெரியவில்லை. நெருப்புக்காய்ச்சலும் செங்கண்மாரியும் அடுத்த வீட்டில் இருந்தன. குடாநாட்டுக்கு அடியில் சுண்ணாம்புக்கல், மலகூடக் குழியில் இருந்து வெடிப்புகளுக்குள்ளால் கிணற்றுக்குப் போவது சுலபம், அதனால் எந்தக் கிணறு எந்தக் குழியில் இருந்து எத்தனை அடி என்று ஒவ்வொருவரும் சொந்த வளவை அளந்து படம் கீறிக்கொண்டு வரவேண்டும் என்றார். சில வீடுகளில் அந்தப் படத்தால் சண்டையே வந்தது, அயலவரின் குழி நம் வேலியோரத்தில் இருந்தால் பின்னே என்ன செய்வது! கொப்பளிப்பான் வந்த வீட்டுப் படலையில் வேப்பிலை கட்டுவதையும் அவர் பழிக்கவில்லை, ஊர் முழுக்க விளங்கும் அறிவித்தல் அது, ஆட்கள் உள்ளே வராமல் நின்றால் தொற்றும் நிற்கும் என்று மட்டும் சொன்னார்.

மலேரியாவுக்குக் கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க அம்புக்குறி. நுளம்பு குத்தியதும் ஒட்டுண்ணி முதலில் ஈரலுக்குப் போகும், பிறகு செங்குழியங்களுக்குள் புகுந்து பெருகி வெடிக்கும், வைவக்ஸ் இனம் என்றால் 48 மணித்தியாலத்துக்கு ஒருதரம், அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் நடுக்கம். இந்த 48 மணித்தியாலத்தை எங்களில் பலர் ஏற்கெனவே கட்டிலில் படுத்திருந்து படித்தவர்கள், குளோரோகுயின் குளிசையின் கைப்பு இப்போது நினைத்தாலும் நாக்கில் வருகிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குத் தப்பி முழு யாழ்ப்பாணமும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது, அங்கிருந்து பலர் வன்னிக்கு. அங்கே வயிற்றோட்டமும் மலேரியாவும் என்ன செய்தன என்பது போனவர்களுக்குத் தெரியும். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பக்கற் கிடைக்காத இடத்தில் ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு என்று கரைத்துக் கொடுத்தோம். சீனி எதற்கு என்று ஒரு கிழவி கேட்டபோது, சிறுகுடலில் குளுக்கோசு உள்ளே போகும்போது உப்பையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகும், உப்புக்குப் பின்னால் தண்ணீர் போகும் என்று அங்கே நின்ற எங்கள் பெடியன் ஒருவன் விளங்கப்படுத்தினான். ஓம், மாதாந்த ஊசிக்காரன்தான்.

நான் இப்போது லண்டனில் ஒரு வைத்தியசாலையின் குருதியியல் ஆய்வுகூடத்தில் வேலை. குருதிக் கலங்களை இயந்திரம் எண்ணிவிடும். ஆனால் ஆபிரிக்காவுக்கோ தெற்காசியாவுக்கோ போய்வந்தவர் காய்ச்சலோடு வந்தால், ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடி வழுக்கியில் இழுத்துச் சாயமேற்றி ஒருவர் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும், மலேரியா ஒட்டுண்ணி இருக்கிறதா, எந்த இனம், நூறு செங்குழியத்தில் எத்தனையில் இருக்கிறது என்று. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான்தான் அதைப் பழக்குகிறேன், அவர்களும் முதல் நாள் சாயத் துணிக்கைகளையும் குருதிச் சிறுதட்டுக்களையும் ஒட்டுண்ணி என்று காட்டுவார்கள்.

இலங்கையில் உள்ளூர்த் தொற்றாகக் கடைசி மலேரியா நோயாளி கண்டறியப்பட்டது 2012 ஒக்டோபரில், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றது என்று அறிவித்தது. பெரிய விஷயம், அதை மலரில் ஒருவரும் எழுதவில்லை என்பது என் குறை. ஆக, இன்று எங்கள் கல்லூரியில் படிக்கும் பிள்ளை டெங்கைப் பார்த்திருப்பான், மலேரியாவைக் காணச் சந்தர்ப்பம் இல்லை, வழுக்கியில் காட்டினால்தான் உண்டு. போன முறை ஊருக்குப் போனபோது ஆய்வுகூடத்தையும் போய்ப் பார்த்தேன். கட்டடம் புதிது, சுவரில் பெரிய திரை, கலப்பிரிவு அசைபடமாக ஓடுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது. நுணுக்குக்காட்டிகள் அலுமாரிக்குள், வில்லைகளில் பூஞ்சணம்.

சங்கம் இந்த வருடம் இன்னொரு திரைக்குப் பணம் சேர்க்கிறது என்று அறிகிறேன். அதை ஒரு வருடம் தள்ளிவைத்து, கண்ணாடியோடு கூடிய சாதாரண நுணுக்குக்காட்டிகள், வழுக்கி, மூடித்துண்டு, சாயங்கள், அத்தோடு ஓர் ஆய்வுகூட உதவியாளருக்குச் சம்பளம் (இதுதான் முக்கியம், ஆள் இல்லாவிட்டால் திரும்பவும் பூஞ்சணம்தான்) என்று செலவழிக்கலாம். ஆட்டு இதயத்துக்கும் ஈர்க்குக்கும் சங்கத்தின் காசு தேவையில்லை, அவை ஊரிலேயே கிடைக்கும். வருகிற பொதுக்கூட்டத்தில் பிரேரணையை நான் கொண்டுவருகிறேன், ஆமோதிக்க ஒருவர் வேண்டும். 94 பிரிவில் யாராவது வருகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.