மேஜரின் தொகுதி: நாவல் எழுதும் நாட்களின் குறிப்புகள்

ஜூன் 3

மேஜருக்கு இன்னும் பெயர் அமையவில்லை. எந்த ஆங்கிலப் பெயரைப் போட்டாலும் பக்கத்தில் மொழிபெயர்ப்பு நாவல் வாடை அடிக்கிறது. இருக்கட்டும், இப்போதைக்கு வெறும் மேஜர். பிறப்பு 1914. இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், ஷ்ராப்ஷயரில் ஒரு சந்தை ஊர். இத்தாலிப் போர்முனை, மிலிட்டரி கிராஸ் பதக்கம். 1950 தேர்தலில் கன்சர்வேட்டிவ் எம்.பி. 1956-இல், எகிப்தின் சூயஸ் கால்வாய்க்காகப் பிரிட்டன் படை அனுப்பிய விவகாரத்தில், கட்சியோடு முறுகல். 1959-இல் கதை முடிகிறது.

"உனக்கெதுக்குய்யா வெள்ளைக்கார மேஜர்?" என்று நண்பர் கேட்டார். நம் பக்கம் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் அரசியலில் அதிகம் தேறவில்லை. அங்கே 1951-லிருந்து 1963 வரை பிரதமராக இருந்த சர்ச்சில், ஈடன், மாக்மில்லன் மூவருமே சீருடை போட்டுக் குண்டுச் சத்தம் கேட்டவர்கள். அந்தத் தலைமுறையின் பழமைவாதம் புத்தகத்திலிருந்து வந்ததா, பதுங்குகுழியிலிருந்து வந்ததா என்பது எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் அரிப்பு.

ஜூன் 7

1945 தேர்தலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜூலை 5 வாக்குப்பதிவு. வெளிநாடுகளில் இருந்த சிப்பாய்களின் ஓட்டுகள் வந்து சேரவேண்டும் என்பதால் முடிவு ஜூலை 26-ஆம் தேதிதான் வந்தது. லேபர் கட்சிக்கு 393 இடம். போரை ஜெயித்துக் கொடுத்த சர்ச்சிலின் பக்கம், கூட்டாளிகளையும் சேர்த்து 213.

தோல்விக்குக் கன்சர்வேட்டிவ்கள் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்குக் கதையாகவே கிடைத்திருக்கிறது. 1941-இல் ராணுவம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வாரம் ஒருமுறை அதிகாரிகள் தங்கள் சிப்பாய்களை உட்காரவைத்து நாட்டு நடப்பைப் பேசவேண்டும். போருக்குப் பிறகு வீடு எப்படி, வேலை எப்படி என்றெல்லாம் பேச்சு போகும். 1942 டிசம்பரில், எல்லோருக்கும் சமூகக் காப்பீடு வேண்டும் என்ற பெவரிட்ஜ் அறிக்கை வந்தபோது அதன் சுருக்கத்தைச் சிப்பாய்களுக்கு அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, அரசாங்கமே பதறிப்போய்த் திரும்ப வாங்கிக்கொண்டது. அந்த வகுப்புகள்தான் பட்டாளத்தை இடதுபக்கம் தள்ளின என்று பிற்பாடு கட்சிக்குள் புலம்பல்.

மேஜரும் அந்த வகுப்பை நடத்தியிருப்பார். பண்ணை வீட்டுப் பிள்ளை, போர்டிங் பள்ளிப் படிப்பு. எதிரே சுரங்கத் தொழிலாளியும் கசாப்புக்கடைப் பையனும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் சொல்லிக்கொடுத்ததைவிடக் கேட்டுக்கொண்டது அதிகம்.

ஜூன் 8

மெட்ராஸ் ரெஜிமெண்டில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி அடுத்த தெருவில் இருக்கிறார். ஆபீசருக்கும் சிப்பாய்க்கும் நடுவே என்னதான் இருந்தது என்று அவரிடம் கேட்டேன். வீரம், கட்டுப்பாடு என்று பேசுவார் என்று நினைத்தால், காலைப் பற்றிப் பேசினார்.

"ரூட் மார்ச் முடிஞ்சதும் பூட்ஸைக் கழத்தச் சொல்லுவாங்க தம்பி. சாக்ஸையும்தான். கட்டில்ல கால நீட்டிக்கிட்டு உக்காரணும். ஆபீசர் வந்து ஒவ்வொருத்தன் காலா குனிஞ்சு பாப்பாரு. கொப்புளம் இருக்கா, விரலிடுக்குல புண்ணு இருக்கான்னு. நம்ம கால நம்ம அப்பாகூட அப்படிப் பாத்திருக்க மாட்டாரு."

"மூக்கைப் பொத்திக்கிட மாட்டாங்களா அண்ணாச்சி?"

"பொத்துனா அவன் ஆபீசரே இல்ல."

இந்தப் பழக்கம் வெள்ளைக்காரன் பட்டாளத்திலிருந்து வந்ததுதான். முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சேற்றில் கால் அழுகிப்போன சிப்பாய்கள் ஏராளம். அதனால் சிப்பாயின் பாதம் அதிகாரியின் பொறுப்பாயிற்று. மாக்மில்லன் அந்தப் போரில்தான் காயம்பட்டார். 1916 செப்டம்பரில், சோம் போர்க்களத்தில் ஒரு குண்டுக்குழிக்குள் கிடந்து, சட்டைப்பையில் இருந்த கிரேக்க நாடகத்தைப் படித்தார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. எனக்கு அதைவிட முக்கியம், அதே ஆள் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய ஸ்டாக்டனின் எம்.பி. ஆனதும், 1950களில் வீட்டுவசதி அமைச்சராகி வருடத்துக்கு 3,00,000 வீடு என்ற வாக்குறுதியை 1953-இல் நிறைவேற்றியதும். கால் பார்த்த ஆபீசர்!

இரண்டாம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கால் பரிசோதனையிலிருந்து தொடங்குகிறேன்.

ஜூன் 15

வேட்பாளர் தேர்வுக் காட்சி. வருடம் 1949. அதுவரை வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கன்சர்வேட்டிவ் தொகுதிச் சங்கங்கள், அதாவது கட்சியின் உள்ளூர்க் கிளைகள், ஆளைவிடப் பர்ஸைத்தான் பார்த்தன. செலவை வேட்பாளர் தலையில் கட்டிவிடலாம். 1945 தோல்விக்குப் பிறகு கட்சி அமைத்த மாக்ஸ்வெல் ஃபைஃப் குழு அதை ஒழித்தது. வேட்பாளர் வருடத்துக்கு 25 பவுண்டுக்கு மேல் சங்கத்துக்குக் கொடுக்கக்கூடாது. பெரிய சொத்தில்லாத என் மேஜர் உள்ளே நுழைய முடிவதே இந்த விதியால்தான்.

இன்று எழுதிய பகுதி:

*குழுவில் பதினைந்து பேர். பேராயர் மாதிரி உட்கார்ந்திருந்த கிழட்டுக் கர்னல், "எந்த ரெஜிமெண்ட்?" என்றார். மேஜர் சொன்னார். கர்னல் தலையசைத்தார். அவரைப் பொறுத்தவரை நேர்காணல் முடிந்தது. மளிகைக்கடைக்காரர் சர்க்கரை ரேஷன் எப்போது ஒழியும் என்று கேட்டார். பின்வரிசையில் தொப்பி வைத்த அம்மாள் மேஜரைப் பார்க்கவே இல்லை. அவர் மனைவியின் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.*

சர்க்கரை ரேஷன் ஒழிய 1953 ஆனது. மளிகைக்காரர் பொறுமைசாலி.

ஜூன் 16

1950 பிப்ரவரி பிரசாரத்தில் பெட்ரோல் இன்னும் கூப்பனுக்குத்தான். ரேஷன் நீங்கியது மே மாதம். மேஜர் பாதி ஊர்களுக்கு சைக்கிளில் போகட்டும்.

ஜூன் 24

பெரிய சபலம் ஒன்று வந்தது. 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மின்யானோ அருகே கண்ணிவெடி அகற்றும் வேலை. மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், வெடிக்கப்போகும் கண்ணியின்மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழொட்டிவாக்கத்துக்காரர். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் பெற்றவர். என் மேஜரும் அதே மாதங்களில் அதே மலையடிவாரத்தில்தான் இருக்கிறார். இருவரையும் சந்திக்கவைத்தால்?

இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். படிக்கக் கூசியது. ஒரு கற்பனை வெள்ளைக்காரரின் மனசாட்சிக்கு உரம் போடவா அந்த மனிதர் செத்தார்? எடுத்துவிட்டேன். அவருக்குத் தனியாக ஒரு நாவல் எழுத யாராவது வரவேண்டும்.

ஜூலை 2

1950-இல் சபைக்குள் நுழைந்த கன்சர்வேட்டிவ் கூட்டத்தைப் பார்த்தால் ரெஜிமெண்ட் விருந்து மாதிரி இருக்கிறது. பீரங்கிப் படையில் லெப்டினன்ட் கர்னலாக இருந்த எட்வர்ட் ஹீத், வெறும் 133 ஓட்டில் ஜெயித்து வந்தவர். 1940-இல் பிரான்ஸில் காயம்பட்ட இயன் மக்லியோட். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து பிரிகேடியராக வெளியே வந்த ஈனாக் பவல்.

பவலை நினைத்தால்தான் என் கணக்கு உதைக்கிறது. 1959-இல், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கென்யாவின் ஹோலா சிறைமுகாமில் 11 கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டபோது, தன் சொந்தக் கட்சியின் அரசாங்கத்தையே சபையில் உரித்து எடுத்தவர். அதே மனிதர் 1968 ஏப்ரல் 20 அன்று பர்மிங்காமில் வந்தேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சில் நாடே பற்றிக்கொண்டது. மறுநாளே, அப்போது கட்சித் தலைவராக இருந்த ஹீத் அவரை எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சரவையிலிருந்து தூக்கினார். ஒரே பட்டாளம், ஒரே கட்சி, ஒரே வருடத்தில் சபைக்குள் வந்தவர்கள்.

கால் பார்த்தவர்கள் எல்லோரும் இளகிய மனசுக்காரர்கள் என்று எழுதிவிடக் கூடாது.

ஜூலை 9

சூயஸ். முழுநாளும் ஹன்சார்ட், அதாவது பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதப் பதிவு, படித்தேன். அந்தக் கால விவாதங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. படித்தால் கூச்சல் காதில் விழுகிறது.

1956 ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். அக்டோபர் 24 அன்று பாரிஸ் அருகே செவ்ரில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் ரகசியமாகக் கூடிப் பேசி முடித்தன. இஸ்ரேல் தாக்கும், மற்ற இருவரும் சண்டையை விலக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைவார்கள். நவம்பர் 5 பாராசூட் படை இறங்கியது, 6-ஆம் தேதி கப்பலில் வந்தவர்கள். அன்று நள்ளிரவே போர்நிறுத்தம். அமெரிக்கா கைகொடுக்கவில்லை, பவுண்டு சரிந்துகொண்டிருந்தது. முதலில் போருக்கு முன்நின்ற நிதியமைச்சர் மாக்மில்லனே நிறுத்தச் சொல்லும் பக்கம் போய்விட்டார். 1957 ஜனவரியில் பிரதமர் ஈடன் பதவி விலக, அந்த நாற்காலியில் மாக்மில்லனே உட்கார்ந்தார்.

நவம்பர் 8, நம்பிக்கை வாக்கெடுப்பு. கொறடா உத்தரவு கட்டாயம். விரல்விட்டு எண்ணக்கூடிய சில கன்சர்வேட்டிவ்கள் மட்டும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கினார்கள். என் மேஜரும் அவர்களில் ஒருவர்.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். போர் நின்று இரண்டு நாள் ஆகிவிட்டது. அவர் ஓட்டால் ஒரு சிப்பாய் சாகப்போவதுமில்லை, பிழைக்கப்போவதுமில்லை. அரசாங்கமும் கவிழாது. ஆனால் துருப்புகள் இன்னும் எகிப்தின் போர்ட் சயீத் துறைமுகத்தில் நிற்கின்றன. பதக்கம் வாங்கிய ஆள், பையன்கள் அங்கே நிற்கும்போது, இங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். தொகுதிக்குப் போய்ச் சேரும் செய்தி இது ஒன்றுதான்.

ஜூலை 11

போருக்குப் போனவன் போரை வெறுப்பான் என்பது நம் எழுத்தாளர்களுக்கு வசதியான கதை. ஈடன் முதல் உலகப் போரில் மிலிட்டரி கிராஸ் வாங்கியவர். உடன்பிறந்த இருவரை அந்தப் போருக்குக் கொடுத்தவர். சூயஸ் படையெடுப்பு அவருடையதுதான். எகிப்திலிருந்து துருப்புகளை விலக்கவே கூடாது என்று 1954-லேயே கலகம் செய்த குழுவில் கேப்டன் சார்லஸ் வாட்டர்ஹவுஸ் இருந்தார். அல்பேனிய மலைகளில் எதிரிக்குப் பின்னால் வேலை பார்த்த ஜூலியன் ஏமெரியும் இருந்தார். இருவருமே போர் பார்த்தவர்கள்.

ஆக, போர் ஒருவனுக்கு இன்ன கருத்து என்று கொடுத்து அனுப்புவதில்லை. ஊர் அவனுக்குக் கடன் கொடுக்கிறது. பதக்கத்தைப் பார்த்து, இவன் நம்ம ஆள் என்று கொடுக்கும் கடன். 1949-இல் அந்தக் கர்னல் ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டாரே, அப்போது கொடுத்ததை 1956-இல் வட்டியோடு கேட்கிறார். நாவலின் முதுகெலும்பு இதுதான் என்று இன்று புரிந்தது.

ஜூலை 20

மேஜருக்கு நிஜ முன்னோடி ஒருவர் உண்டு. நைஜல் நிக்கல்சன், போர்ன்மத் கிழக்குத் தொகுதி எம்.பி. கிரெனடியர் கார்ட்ஸில் கேப்டனாக வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் இருந்தவர். சூயஸ் வாக்கெடுப்பில் ஒதுங்கினார். தொகுதிச் சங்கம் கொதித்தது. அவரை இறக்கிவிட்டு அடுத்த வேட்பாளராக யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? இன்னொரு ராணுவ மேஜரை! அந்த மேஜருக்குத் தீவிர ஏகாதிபத்திய அமைப்பு ஒன்றோடு தொடர்பு இருப்பது தெரியவந்து, அவரும் விலகவேண்டி வந்தது. கடைசியில் 1959 பிப்ரவரியில் சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் தபால் வாக்கு. நிக்கல்சனுக்கு 3,671. எதிராக 3,762. 91 ஓட்டில் அரசியல் வாழ்க்கை போயிற்று.

என்னை உறுத்துவது அந்த 3,671 பேர். கூட்டம் போட்டால் கத்துகிறவர்கள் ஒரு பக்கம்தான். வீட்டில் தனியாக உட்கார்ந்து உறையை ஒட்டும்போது ஏறக்குறையப் பாதிப்பேர் அவரை வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கூட்டத்தில் எழுந்து பேசவில்லையா என்ன?

1956 டிசம்பரில் பெட்ரோல் ரேஷன் திரும்பவும் வந்துவிட்டது, சூயஸ் புண்ணியத்தில். என் மேஜரைக் கண்டிக்கும் கூட்டத்துக்குத் தொப்பி அம்மாள் கூப்பனைச் செலவழித்துக் காரில் வருகிறாள்.

ஜூலை 27

1979 வரை நீட்டலாமா என்ற யோசனையைக் கைவிட்டேன். ஆசை காட்டியவர் கன்சர்வேட்டிவ் எம்.பி. ஏரி நீவ். ஜெர்மானியரின் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையிலிருந்து, 1942 ஜனவரியில், ஜெர்மன் அதிகாரி வேஷத்தில் தப்பியவர். 1975-இல் ஹீத்தைக் கட்சித் தலைமையிலிருந்து வீழ்த்த மார்கரெட் தாட்சருக்காக ஓட்டுச் சேர்த்தவரும் அவரே. தாட்சருக்கு ஆதரவு குறைவு என்பதுபோல் எம்.பி.க்களிடம் பேசிப் பேசியே ஹீத்தின் எதிரிகளை அவர் பக்கம் தள்ளினார். முதல் சுற்றில் தாட்சருக்கு 130, ஹீத்துக்கு 119. 1979 மார்ச் 30 அன்று நாடாளுமன்றக் கார் நிறுத்தத்தில் ஐரிஷ் தீவிரவாதிகள் வைத்த குண்டுக்குப் பலியானார். அடுத்த மே மாதம் தாட்சர் பிரதமர்.

நீவ் வந்தால் என் மேஜர் ஓரத்துக்குப் போய்விடுவார். வேண்டாம்.

ஆகஸ்ட் 4

முடிவு பிடிபட்டுவிட்டது. மளிகைக்கடைக்காரரை மாற்றினேன். அவர் இத்தாலியில் மேஜரிடம் சார்ஜென்ட்டாக இருந்தவர். சங்க உறுப்பினர். அவர் கைக்கும் தபால் வாக்கு வருகிறது.

*"நான் உங்களுக்கு எதிராத்தான் போட்டேன் சார்" என்றார் சார்ஜென்ட். பன்றி இறைச்சியை நறுக்கிக்கொண்டே சொன்னார்.*

*"தெரியும்."*

*"நீங்க சொன்னது தப்புன்னு இல்ல. பேப்பர்ல படிச்சேன், நாம பொய் சொல்லித்தான் உள்ள போயிருக்கோம். ஆனா பையனுங்க அங்க நின்னாங்க. அன்னைக்கு வேண்டாம் சார். பத்து நாள் கழிச்சுச் சொல்லியிருக்கலாம்."*

*"பத்து நாள் கழிச்சு வாக்கெடுப்பு இல்லையே."*

*"அது எனக்குத் தெரியாது" என்றார் சார்ஜென்ட். எடை சரியாக இருந்தது. அவர் இன்னொரு துண்டு வைத்தார். மேஜர் அதை எடுத்துத் திரும்ப வைத்தார்.*

மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். "கடைக்காரர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கே. நீங்க அந்த மேஜர் கட்சின்னுல்ல நினைச்சேன்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கடைசி அத்தியாயத்தை சார்ஜென்ட்டின் பக்கமிருந்து எழுதிப் பார்க்கிறேன்: கடையை அடைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் அந்த வாக்குச்சீட்டோடு அவர் உட்காரும் இரவு.