பிலானியில் பயோவும் ட்ரிபிள்-ஈயும்: ஐந்து வருட டூயல் டிகிரி

ராஜஸ்தானிலுள்ள பிட்ஸ் பிலானியில் எம்.எஸ்சி உயிரியலோடு பி.இ. எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸும் (ட்ரிபிள்-ஈ) சேர்த்துப் படித்தேன். ஐந்து வருடம், இரண்டு பட்டம். "பயோதான் கிடைக்கும் போலிருக்கு, சேரலாமா அக்கா?" என்று பிளஸ் டூ ரிசல்ட் சமயத்தில் ஊர்ப்பக்கத்திலிருந்து யாராவது போன் செய்துவிடுவார்கள். போனில் அரைகுறையாகச் சொன்னதை முழுதாக எழுதிவைக்கிறேன்.

முதலில் நடைமுறை. பிட்சாட் என்ற நுழைவுத்தேர்வில் எடுத்த மதிப்பெண்ணுக்கு நினைத்த பி.இ. பிரிவு கிடைக்காவிட்டால் எம்.எஸ்சி பிரிவுகள் இருக்கின்றன: உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம், பொருளியல். இதில் ஒன்றில் சேர்ந்து முதல் வருடத்தை முடித்தால், அந்த இரண்டு செமஸ்டர் சிஜிபிஏவை (சராசரி கிரேடு, சுருக்கமாக சிஜி) பார்த்து ஒரு பி.இ. பிரிவை ஒதுக்குவார்கள். விருப்ப வரிசையை நாம் கொடுக்க வேண்டும். சிஜி கூடுதலாக இருப்பவருக்கு முதலில் கிடைக்கும். எந்தப் பிரிவு எந்த சிஜியில் நிற்கும் என்பது வருடத்துக்கு வருடம் மாறும், கேம்பஸுக்குக் கேம்பஸும் மாறும். போன வருடக் கணக்கை நம்பி எதையும் தீர்மானிக்காதீர்கள்.

எம்.எஸ்சி உயிரியலில் சேர பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கணிதம்தான் கட்டாயம். நான் கம்ப்யூட்டர்–மேத்ஸ் குரூப். உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவள். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டால்கூட யோசிக்க வேண்டியிருந்தது. அதனால் பெரிய குறை எதுவும் வரவில்லை. முதல் வருடம் எல்லாப் பிரிவுக்கும் ஏறக்குறைய ஒரே பாடங்கள்தான். பொது உயிரியல் அதில் ஒன்று; மெக்கானிகல் எடுத்தவரும் அதைப் படித்தாக வேண்டும்.

சேர்ந்த முதல் வாரம் தமிழ் மன்றத்து சீனியர் அண்ணா ஒருவர் மெஸ்ஸில் உட்காரவைத்துச் சொன்னார்: "இந்த வருஷம் சிஜிய மட்டும் பிடிச்சுக்கோம்மா. டூயல் வந்ததுக்கப்புறம் மத்ததப் பாத்துக்கலாம்." சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அங்கே மதிப்பீடு வகுப்பின் சராசரியை ஒட்டியது. நாம் எடுத்த மார்க்கைவிட மற்றவர்கள் எடுத்ததற்கு மேலே எவ்வளவு நிற்கிறோம் என்பதுதான் கிரேடு. வருகைப்பதிவுக் கட்டாயம் கிடையாது என்பதால் யாரும் நம்மைத் தட்டி எழுப்ப மாட்டார்கள். குளிர்காலத்தில் ராஜஸ்தானின் காலை எட்டு மணி வகுப்புக்கு எழுந்து போவதற்கே தனி வைராக்கியம் வேண்டும்.

கோடையில் ஒதுக்கீடு வந்தது, ட்ரிபிள்-ஈ. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. "அப்ப இனிமே இன்ஜினியர்தானே?" என்று அப்பா கேட்டார். இல்லை, இரண்டாம் வருடம் முழுக்க உயிரியல். மைக்ரோபயாலஜி, செல் பயாலஜி, பயலாஜிகல் கெமிஸ்ட்ரி, பயோபிசிக்ஸ் என்று வரிசையாக வரும். டூயல் எடுத்தவர்களில் பாதிப் பேர் மனதளவில் பயோவை விட்டுவிடுவது இந்த வருடத்தில்தான். பொறியியலுக்குள் போகக் கொடுக்கும் கட்டணமாக அதை நினைக்கிறார்கள். பரீட்சைக்கு முந்தின இரவு ஸ்லைடைப் புரட்டி எழுதிவிட்டு மறக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. வாழ்க்கையில் இன்னொரு முறை கிடைக்காத வருடம் அது. கையில் நுண்ணோக்கி, பக்கத்தில் கற்றுத்தர ஆள், தினமும் மதியம் லேப். இதைத் தூக்கி எறிந்துவிட்டு, பின்னால் வேலைக்குப் போன இடத்தில் பயோ-இன்ஃபர்மேட்டிக்ஸ் கோர்ஸுக்குப் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிஎன்ஏ துண்டுகளை மின்சாரத்தால் அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் எலெக்ட்ரோஃபோரசிஸ் லேப் ஒன்று போதும், நான் சொல்வது புரிய. ஜெல்லாக இறுகும் அகரோஸ் பொடியை பஃபர் என்ற உப்புக்கரைசலில் கலந்து, மைக்ரோவேவில் தெளியும்வரை காய்ச்சி, கை பொறுக்கும் சூடு வந்ததும் அச்சில் ஊற்ற வேண்டும். சீப்பு மாதிரி ஒன்றைச் செருகிவைத்தால், இறுகிய பின் எடுக்கும்போது குழிகள் நிற்கும். நீல மை சேர்த்த டிஎன்ஏவை மைக்ரோபிப்பெட்டில் எடுத்து அந்தக் குழிக்குள் இறக்க வேண்டும். இங்கேதான் கை நடுங்கும். முனை குழியின் அடியைக் குத்தக் கூடாது. பிப்பெட்டின் பொத்தானைக் கட்டைவிரலால் முதல் நிறுத்தத்துக்கு மேல் வேகமாக அழுத்தினால் காற்றுக்குமிழ் வந்து மை பஃபரில் கலைந்துவிடும். முழங்கையை மேசையில் ஊன்றி, மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால் நிற்கும். பிறகு மின்சாரம். டிஎன்ஏவுக்கு எதிர்மின்னூட்டம், அதனால் நேர்மின்வாய்ப் பக்கம் ஓடும். சிறிய துண்டு வேகமாக, பெரியது மெதுவாக. வோல்ட்டேஜைக் கூட்டினால் சீக்கிரம் முடியும், ஆனால் ஜெல் சூடாகிப் பட்டைகள் வளைந்துவிடும். மின்தடையும் வெப்பமும் எனக்குப் புரிந்தது சர்க்யூட் வகுப்பைவிட இந்தப் பிளாஸ்டிக் தொட்டியில்தான்.

இரண்டு பாடமும் முழுதாக ஒட்டிக்கொண்டது பயோபிசிக்ஸில். செல்லின் சவ்வை ஒரு கெப்பாசிட்டராகவும் அதிலுள்ள அயனிக் கால்வாய்களை ரெசிஸ்டர்களாகவும் பலகையில் வரைந்தார்கள். முதல் வருட எலெக்ட்ரிகல் சயின்ஸில் போட்ட அதே ஆர்-சி சர்க்யூட். சவ்வின் கெப்பாசிட்டன்ஸ் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஃபாரட். ஓய்விலிருக்கும் நரம்பு செல்லின் உள்ளே சுமார் -70 மில்லிவோல்ட். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் சவ்வின் கனம் ஏறத்தாழ 5 நானோமீட்டர்தான். வகுத்துப் பாருங்கள்: மீட்டருக்கு 1 கோடியே 40 லட்சம் வோல்ட். காற்று தாங்காமல் பொறி பறப்பதே மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட்டில்தான். அதைப்போல நாலு மடங்குக்கும் மேலான மின்புலத்தை நம் ஒவ்வொரு நரம்பு செல்லும் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது. அன்று வகுப்பு முடிந்தும் எழுந்து போக மனம் வரவில்லை.

நரம்பில் மின்துடிப்பு ஓடுவதை இந்த சர்க்யூட்டை வைத்தே விளக்கி ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் வெளியிட்ட கட்டுரைகளை அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். கணவாயின் தடித்த நரம்பிழையில் செய்த சோதனை. கேம்பிரிட்ஜின் கணினி அப்போது வேலை செய்யவில்லை என்பதால், ஹக்ஸ்லி கைப்பிடி சுற்றும் கணக்குப்பொறியில் சமன்பாடுகளை வாரக்கணக்கில் போட்டுத் தீர்த்தார். 1963-இல் இருவருக்கும் எக்கில்ஸோடு சேர்த்து நோபல். அவர்கள் பயன்படுத்திய வோல்ட்டேஜ் கிளாம்ப் முறை அப்போது எனக்குப் பாதிதான் புரிந்தது. மூன்றாம் வருடம் ஆம்ப்ளிஃபயரில் நெகட்டிவ் ஃபீட்பேக் பாடம் வந்தபோது மீதி தானாகத் திறந்துகொண்டது: சவ்வின் மின்னழுத்தம் நாம் வைத்த இடத்திலிருந்து நகரப் பார்க்கும்போதெல்லாம் ஆம்ப்ளிஃபயர் எதிர்மின்னோட்டம் அனுப்பி அதை அங்கேயே நிறுத்துகிறது, அப்படி அனுப்ப வேண்டிவந்த மின்னோட்டத்தின் அளவுதான் அயனிகளின் ஓட்டம்.

மூன்றாம் வருடமும் நான்காம் வருடமும் சுமை அதிகம். பயோவின் மிச்சப் பாடங்களோடு ட்ரிபிள்-ஈயின் இரண்டாம் வருடப் பாடங்களையும் எடுக்க வேண்டும். அதில் பக்கத்தில் உட்காருவது நமக்கு ஒரு வருடம் ஜூனியர்கள். சிலருக்கு இது கூச்சமாக இருக்கும். எனக்கு அவர்கள்தான் பெரிய துணை. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸை ஜூனியர் பெண்கள் எனக்கு விளக்குவார்கள், அவர்கள் ரிப்போர்ட்டுகளை நான் திருத்திக்கொடுப்பேன். படிக்கும் முறையே இரண்டுக்கும் வேறு. இம்யூனாலஜியை தினம் கொஞ்சம் படித்தால்தான் நிற்கும். மின்பொறிகளைப் பற்றிய மெஷின்ஸ் பாடத்தில் வாரத்துக்கு ஒரு நாள் ஒரேயடியாக உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். ஒன்றின் பழக்கத்தை மற்றதற்குக் கொண்டுபோனால் இரண்டும் கெடும்.

ஐந்தாம் வருடத்தில் ஒரு செமஸ்டர் பிராக்டிஸ் ஸ்கூல் (நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி), ஒரு செமஸ்டர் தீசிஸ். தீசிஸை வெளியிலும் செய்யலாம். பெங்களூரில் ஒரு நரம்பியல் ஆய்வகத்துக்குப் போனேன். அங்கே மூளைத் துண்டிலிருந்து ஒற்றை செல்லின் மின்னோட்டத்தைப் பதிவு செய்வார்கள், நுண்ணிய கண்ணாடிக் குழாய் முனையை செல்லில் ஒட்டவைக்கும் பேட்ச் கிளாம்ப் முறையில். அளப்பது பைக்கோஆம்பியர் கணக்கில், அதனால் அறையிலுள்ள ஒவ்வொரு ஒயரும் எதிரி. நான் போன சமயம் ஒரு ரிக்கில் (பதிவுக் கருவிகளின் தொகுப்பில்) மெயின்ஸிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தீராமல் இருந்தது. வெளி இரைச்சலைத் தடுக்கும் கம்பிக்கூண்டை மாற்றியும் போகவில்லை. ஆம்ப்ளிஃபயர், நுண்ணோக்கி, பம்ப், கூண்டு எல்லாம் தனித்தனிப் பாதையில் எர்த் ஆகியிருந்தன. நடுவே வளையம் உண்டாகி மெயின்ஸின் மின்காந்தப்புலத்தை அது வாங்கிக்கொண்டிருந்தது. எல்லா எர்த்தையும் கழற்றி, ஒரே செப்புக் கட்டையில் கொண்டுவந்து முறுக்கி, ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டோம். பம்பைச் செருகியதும் திரையில் அலை எழும்பியது, பிடிபட்டுவிட்டது. அங்கிருந்தவர்களுக்கு செல்லைப் பற்றி என்னைவிடப் பல மடங்கு தெரியும். ஆனால் இந்த எர்த் வளையம், அதாவது கிரவுண்ட் லூப், எனக்குத் தெரிந்திருந்தது. அதன்பிறகு ரிக் விஷயம் எதுவானாலும் என்னைக் கூப்பிட்டார்கள். பதிலுக்கு செல்லைப் பிடிக்கும் நுணுக்கத்தைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

செலவையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நாலுக்குப் பதில் ஐந்து வருடக் கட்டணம், அதுவும் தனியார் கல்லூரிக் கட்டணம். கல்விக்கடன் எடுப்பவர்கள் ஐந்தாம் வருடத்தையும் சேர்த்தே முதலில் கணக்குப் போடுங்கள். உடன் படித்த நண்பர்கள் நாலாம் வருடம் முடிந்து சம்பளம் வாங்கும்போது நாம் இன்னும் ஹாஸ்டலில் இருப்போம். உயிரியலில் துளியும் ஆர்வம் இல்லாமல், பி.இ. மட்டும் வேண்டும் என்றால், நல்ல அரசுக் கல்லூரியில் நேராக அந்தப் பிரிவை எடுப்பது மேல் என்பதே என் கருத்து.

சேரத் தீர்மானித்தவர்களுக்கு இன்னொன்று: தீசிஸுக்கான கடிதங்களை ஒரு செமஸ்டர் முன்பே எழுதத் தொடங்குங்கள். "எனக்கு ஆராய்ச்சியில் ஆர்வம்" என்று எழுதினால் பதில் வராது. அந்த ஆய்வகத்தின் எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எந்த அளவீட்டுக்கு உங்களால் என்ன செய்துதர முடியும் என்று இரண்டு வரி எழுதுங்கள். செல்லும் தெரியும், சர்க்யூட்டும் தெரியும் என்று எழுதுபவர் குறைவு. எனக்குப் பதில் வந்த கடிதங்கள் எல்லாம் அப்படி எழுதியவைதான்.