சொந்த நாட்டிலேயே வெளியூர்க்காரர்கள்

சீனாவின் டோங்குவான் நகரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராகச் சில வருடங்கள் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்காரன் என்பதால் வசிப்பு அனுமதியை வருடாவருடம் புதுப்பிப்பேன். அது நியாயம்தான். ஆனால் ஹுனான் என்ற இன்னொரு சீன மாகாணத்திலிருந்து வந்து லைனில் நின்ற பெண்களும் அரசுச் சேவை எதற்கும் குடியிருப்பு அட்டையோடு போக வேண்டியிருந்தது.

காரணம், 1958-இல் சட்டமான ஹுகோவ் என்னும் குடும்பப் பதிவு. எங்கே உழைத்தாலும் பிள்ளையின் படிப்பு உட்படப் பல உரிமைகள் பதிவு இருக்கும் ஊரோடு கட்டப்பட்டவை. கிராமப் பதிவோடு தொழிற்சாலை, கட்டட வேலை, ஓட்டல் என்று உழைப்பவர்கள் ஏறக்குறைய 30 கோடிப் பேர்.

எங்கள் லைன் லீடர் அக்காவின் மகன் ஊரில் பாட்டியோடு வளர்ந்தான். இரவுச் சாப்பாட்டு இடைவேளையில் கைபேசியிலேயே அவனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுப்பார். இங்கே அழைத்து வரலாமே என்று கேட்டேன். அரசுப் பள்ளியில் இடம் கிடைக்க, சொந்த வீடு, சமூகக் காப்பீடு கட்டிய வருடங்கள் என்று புள்ளிகள் சேர வேண்டுமாம். சரி, சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கல்லூரி நுழைவுத் தேர்வான காவோகாவை, டோங்குவான் இருக்கும் குவாங்டாங் மாகாணத்திலேயே எழுத, பெற்றோர் மூன்று வருடம் காப்பீடு கட்டியிருக்க வேண்டும், பிள்ளை மூன்று வருடம் இங்கேயே மேல்நிலை படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஊருக்குத் திரும்பித்தான் எழுத வேண்டும்.

முன்பு நிலைமை இன்னும் கொடூரம். 2003-இல் குவாங்சோ நகரில் சுன் ஜிகாங் என்ற இளைஞர் தற்காலிக வசிப்பு அட்டை கையில் இல்லை என்று பிடிக்கப்பட்டு, காவலில் அடித்தே கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. பிடித்து ஊருக்குத் திருப்பி அனுப்பும் அந்த முறை அதே வருடம் ஒழிந்தது. பின்னர் சிறு நகரங்களில் பதிவை மாற்றுவதும் எளிதானது. பெருநகரங்கள்தான் இன்னும் இறுக்கிப் பிடிக்கின்றன. பள்ளிச் செலவில் பெரும்பங்கு உள்ளூர் நிர்வாகத்தின் தலையில் விழுவதால், உழைப்பாளி வேண்டும், அவர் பிள்ளை வேண்டாம் என்கிற கணக்கு. இந்தக் கணக்கை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கிராமப் பதிவை விட்டுக்கொடுக்கவும் அக்காவுக்கு மனமில்லை. அந்தப் பதிவோடு சேர்ந்து நிலம் இருக்கிறது, வேலை போனால் அதுதான் கதி என்பார்.

மகன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் அவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். அந்த வருடத் தேர்வில் தவறினால் பொது மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்காது, தொழிற்பள்ளிக்குத்தான் போக வேண்டும். கணவர் மட்டும் டோங்குவானில் தங்கிச் சம்பாதித்தார்.