கொலம்பைன் நாட்குறிப்பு

பிப்ரவரி 3
கொலம்பைன் பூச்செடியின் விதை ஃபிரிட்ஜுக்குள் போயாச்சு, முளைப்பதற்கு முன் குளிர் காட்ட. ஈர மணல் ஒரு பிடி, பிளாஸ்டிக் உறை, 4 டிகிரி. மணலைப் பிழிந்தால் சொட்டக் கூடாது, சொட்டினால் பூஞ்சைதான். நான்கு வாரம்.

பிப்ரவரி 19
உறையைத் திறக்க ஒரு காரணமும் இல்லை. திறந்தாச்சு. கறுப்பு, மினுமினுப்பு, அப்படியே.

மார்ச் 3
விதைப்பு. மக்கிய உரம் 2 பங்கு, பெர்லைட் (மண்ணை இலகுவாக்கும் வெள்ளைத் துகள்) 1 பங்கு. தட்டை முதலில் நனைத்து, பிறகு மணலோடு சேர்த்தே மெலிதாகத் தூவி, உள்ளங்கையால் அழுத்தியதோடு சரி. மேலே மண் போடவே கூடாது. வெளிச்சம் பட்டால்தான் இது நன்றாக முளைக்கும். அரை அங்குலம் புதைத்துவிட்டு விதையைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. தண்ணீர் தட்டின் அடியிலிருந்து. மேலிருந்து ஊற்றினால் விதையெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும்.

மார்ச் 14
ஒன்றுமில்லை.

மார்ச் 21
ஒன்றுமில்லை. 18–21 டிகிரியில் மூன்று, நான்கு வாரம் ஆகும்தான். தட்டைக் கொட்டிவிடக் கை நீளுவதும் இந்த வாரத்தில்தான்.

மார்ச் 27
ஏழு! ஒன்றின் தலையில் விதைத்தோல் இன்னும் தொப்பியாக. பிடுங்கக் கூடாது. மூடியை எடுத்தாச்சு. காற்றோட்டம் இல்லையென்றால் நாற்றழுகல்: தண்டு அடியில் நூலாக இளைத்து, பொசுக்கென்று சாயும்.

மே 9
நடவு. விதையிலைக்குப் பிறகு மூன்று நிஜ இலை வந்தாச்சு. இதற்கு மேல் தாமதித்தால் ஆணிவேர் தட்டின் அடியில் சுருண்டுகொள்ளும். ஸ்பூனால் மண்கட்டியோடு எடுத்து, 30–45 செ.மீ. இடைவெளி, காலை வெயில், மதிய நிழல். இலைக்கொத்தின் அடி மண் மட்டத்திலேயே இருக்கணும், புதைந்தால் அழுகல். பெரும்பாலும் பூ அடுத்த ஆண்டுதான்.

மே 30
பழைய பாத்தியில் பூ. கொலம்பைனில் இரண்டு வகை: நீல வல்காரிஸுக்கு இதழின் பின்னால் குட்டையாக, கொக்கி போல வளைந்த குழல். மஞ்சள் கிரிசாந்தாவுக்கு நீண்டு மெலிந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். நட்டது தப்பு.

ஜூன் 12
இலையில் வெள்ளையாக நெளிந்த கோடு. இலைத்துளைப்பான். புழு இலைக்குள்ளேயே இருப்பதால் மேலே தெளிப்பது பெரும்பாலும் எட்டாது. கிள்ளிக் குப்பையில், உரக்குழியில் வேண்டாம். செடி சாகாது, பார்க்க அசிங்கம், அவ்வளவுதான்.

ஜூன் 14
இது வேறு: ஓரத்திலிருந்து தின்று நரம்பை மட்டும் விட்டுவைக்கும் பச்சைப் புழு. வண்ணத்துப்பூச்சி இனமில்லை, அதனால் அந்த இனப் புழுக்களைக் கொல்லும் பி.டி. பாக்டீரியா மருந்து பலிக்காது. கையால் பொறுக்குவதுதான்.

ஜூலை 8
காய் நுனி பழுத்து வாய் பிளந்திருக்கிறது. ஆட்டினால் கிலுகிலு. ஒரு செடிக்கு மூன்று, நான்கு ஆண்டுதான் ஆயுள், விதை எடுத்தே ஆகணும். ஆனால் தேனீ நீலம், மஞ்சள் இரண்டிலும் உட்கார்ந்து மகரந்தத்தைக் கலந்திருக்கும். உறையின் மேல் என்ன நிறம் என்று எழுதுவது?