இருகரை நாட்டின் மாயப் பொருள்கள்

2024 மே 12, ஞாயிறு

நான் எழுதிவரும் கற்பனைக் கதையின் உலகுக்கு இருகரை நாடு என்று பெயர். நடுவே நீண்ட வாவி. சூரியன் எழும் பக்கம் ஒரு கரை, படும் பக்கம் மறு கரை. எழுவான்கரை, படுவான்கரை என்று சொல்லி வளர்ந்த, கிழக்கிலங்கையின் மட்டக்களப்பார் எவருக்கும் அந்த நிலவமைப்பு எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. நிலத்தையும் மனிதரையும் ஓரளவு வகுத்துவிட்டதால், இன்று முதல் அந்நாட்டின் மாயப் பொருள்களை உருவாக்கத் தொடங்குகிறேன். ஒளிரும் வாள், ஆளை மறைக்கும் மோதிரம், மந்திரக்கோல் ஆகியவற்றை நான் எடுக்கப்போவதில்லை. எந்த நாட்டுக் கதையிலும் பொருந்திவிடுவதனாலேயே அவை எந்த நாட்டுக்கும் உரியவையாக இருப்பதில்லை. மாயம் ஏறுவதற்கு முன்பே ஒரு பொருள் அந்த ஊரில் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். அதன் மாயத்துக்குரிய எல்லையும் அந்த வேலையிலிருந்தே பிறக்க வேண்டும்.

முதற்பொருளாக, நெல் அளக்கும் பாத்திரமான மரைக்காலைத் தேர்ந்திருக்கிறேன். சூடு அடித்துத் தூற்றிய நெல் குவிந்துகிடக்கும் களத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரரான போடியாரும் வேலையாட்களுக்குத் தலைவரான முல்லைக்காரரும் வயற்காரரும் தத்தம் பங்குக்காகக் காத்து நிற்கும்போது, எல்லாருடைய கண்ணும் அந்தப் பாத்திரத்தின் விளிம்பில்தான் நிலைத்திருக்கும். முதல் அளவை ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்று சொல்லி அளப்பது பழைய வழக்கம். அதன் பிறகு எல்லாம் அளப்பவரின் கையில் இருக்கிறது: விளிம்புக்கு மேல் குவிந்த நெல்லை அவர் எவ்வளவு வழித்துவிடுகிறார், எவ்வளவு விட்டுவைக்கிறார் என்பதில் ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சோறு அடங்கிவிடக்கூடும். என் மரைக்கால் பொய்யளவைத் தடுக்காது. குறைத்து அளக்கப்பட்ட நெல் எவ்வளவோ, அவ்வளவும் அளந்தவரின் வீட்டிலிருந்து அன்றிரவே மறைந்துவிடும். குறைத்து அளக்கச் சொன்னவருக்கு ஒன்றும் நேராது, ஏனெனில் மரைக்காலுக்குத் தெரிந்தது தன்னைத் தொட்ட கை மட்டுமே. இந்த அநியாயத்தை நான் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். கதை இதிலிருந்துதான் புறப்படப்போகிறது.

2024 மே 15, புதன்

மாயப் பொருளுக்கு எல்லை வகுக்கக் கற்க விரும்பும் தமிழ் எழுத்தாளர் வேறெங்கும் அலைய வேண்டியதில்லை; மணிமேகலையில் வரும் அமுதசுரபியை ஊன்றிக் கவனித்தால் போதும். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்ற அளவிலேயே பலரும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால், அது மணிமேகலையின் கைக்கு வந்த பிறகும், ஆதிரை என்ற பத்தினிப் பெண் இட்ட பிச்சையை முதலில் ஏற்ற பின்னரே ஊருக்குச் சோறு வழங்குகிறது. எடுத்துக் கொடுக்கும் பாத்திரமும் முதலில் ஒருவரிடம் கையேந்த வேண்டும் என்று வகுத்த அந்தப் புலவரின் நுட்பத்தை எத்தனை தடவை எண்ணினாலும் வியப்புத் தீரவில்லை.

அதைவிட ஆழமானது, அதற்கு முன் அதை வைத்திருந்த ஆபுத்திரனின் கதை. பஞ்ச காலத்தில் எல்லாருக்கும் சோறிட்டவனைத் தோற்கடிக்க எண்ணிய இந்திரன், பாத்திரத்தைப் பறிக்கவுமில்லை, உடைக்கவுமில்லை. மழையைப் பெய்வித்து நாட்டைச் செழிக்க வைத்துவிடுகிறான். பசித்தவர் இல்லாத ஊரில் பாத்திரத்துக்கு வேலையில்லை. பஞ்சம் நிலவிய சாவக நாட்டுக்குக் கப்பலேறிப் போகும் வழியில் ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டவன், தன் ஒருவன் வயிற்றுக்காக அதைப் பயன்படுத்த மனமில்லாமல் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் விடுகிறான். ஒரு மாயப் பொருளை வெல்வதற்கு அதைவிடப் பெரிய மாயம் தேவையில்லை, அதைச் சுற்றியுள்ள வாழ்வு மாறினால் போதும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, இருகரை நாட்டுக்குக் கடல் கடந்து ஒரு வணிகர் கூட்டம் தராசுடன் வரும். நெல் இனி நிறுத்து விற்கப்படும். மரைக்கால் ஒரு மூலையில் கிடக்கும். அதன் மாயமும் பழுதில்லாமல் அப்படியே கிடக்கும்.

2024 மே 18, சனி

மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்வதுண்டு. சொல்பவர் சிலர் அதை மாந்திரீகம் என்பார்கள். நாங்கள் அதை விருந்தோம்பல் என்போம். இரண்டும் ஒன்றாகவே இருக்கும் ஓர் உலகத்தில் அந்தப் பாய் எப்படி இருக்கும் என்பதே என் இரண்டாம் பொருளுக்கான வித்து.

விருந்துப்பாயில் படுத்தவர் எழுந்து போக முடியாது என்று மட்டும் எழுதினால் அது வெறும் பொறியாகிவிடும். எனவே அது விரித்தவரையும் சேர்த்தே கட்டும்: விருந்தாளி தங்கியிருக்கும் வரை வீட்டுக்காரர் தம் வாசற்படலையைத் தாண்ட முடியாது. கெட்ட எண்ணத்தோடு பாயை விரிப்பவர், தாம் சிறைப்பிடித்தவரோடு தாமும் சிறையிருக்க வேண்டும்.

படுவான்கரையில் பாய் இழைக்கும் உறவுக்கார மாமி ஒருவரிடம் இன்று இதைச் சொன்னேன். பாய் இழைக்கும் புல்லான பன் காய்ந்தபின் முறியாமல் வளைவதற்காக அதில் நீர் தெளித்துக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தாமலே கேட்டார்: “பாய் கிழிஞ்சா அந்த மந்திரம் எங்க போகும் புள்ள?”

“நீங்க கிழிஞ்ச பாயை என்ன செய்வீங்க மாமி?” என்று கேட்டேன்.

“எறியிறதா? முத்தத்துல போட்டு நெல்லுக் காய வைப்பம்.”

விரலால் ஓரத்தை மடித்து இறுக்கியபடி அவர் சொன்ன அந்த விடை, பல நாள் யோசித்தும் எனக்குக் கிட்டாததைக் கொடுத்துவிட்டது. பழைய விருந்துப்பாயில் காய்ந்த நெல்லின் சோற்றை உண்டவர் எந்தத் தேசத்துக்குப் போனாலும், அந்தி சாயும் வேளையில் அந்த ஊரின் நினைவு வந்து சில கணம் நடக்க முடியாமல் நின்றுவிடுவார். கட்டு தளர்ந்துவிட்டது, ஆனால் அது பரவிவிட்டது. பழையதாக ஆக வலிமை குறைந்து பரப்பு கூடும் ஒரு மாயப் பொருளை இதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

2024 மே 23, வியாழன், பூரணை

வைகாசிச் சடங்குக் காலம். ஊர்தோறும் கண்ணகை அம்மன் கோயில்களில் கண்ணகியின் கதைப்பாட்டான வழக்குரை பாடப்படுகிறது, அம்மனைக் குளிர்விக்கும் சடங்கான குளிர்த்தி நடக்கிறது. கோயிலில் வழிபடப்படும் சிலம்பை என் கதைக்குள் கொண்டுவரப்போவதில்லை. மக்கள் நேர்த்தி வைத்துக் கும்பிடும் பொருளுக்குப் புதிய விதி எழுதும் உரிமை கதாசிரியருக்கு இல்லை என்று நான் கருதுகிறேன்.

ஆனால் சிலம்பின் கதையிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். வெளியே இரண்டும் ஒன்றுபோல இருந்தன. நீதியை நிறுவியது மந்திரமன்று, உள்ளே இருந்த பரல். அதை உடைத்துத்தான் காட்ட வேண்டியிருந்தது. உடைத்தபோதோ கோவலன் உயிரோடில்லை. சான்று இருக்கிறது, ஆனால் அது வெளிப்படும் நேரம் பிந்திவிடுகிறது. என் மூன்றாம் பொருளும் இத்தகைய ஒரு சான்றாக இருக்க வேண்டும்.

2024 மே 26, ஞாயிறு

மூன்றாம் பொருள் துடுப்பு. 1924இல் கட்டப்பட்ட கல்லடிப் பாலத்தின் அருகே, பூரணை இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். மீனன்று, ஊரி எனும் சிப்பியினம்தான் அப்படி ஒலிக்கிறது என்போரும் உண்டு. 1848இல் இங்கு வந்த ஆங்கிலேய ஆட்சி அதிகாரி எமர்சன் டெனன்ட், தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி வலுத்ததாக எழுதியிருக்கிறார்.

இருகரை நாட்டில் வாவிக்கு மேலே பேசப்பட்ட சொல் எதுவும் அழிவதில்லை. நீரில் இறங்கித் தங்கிவிடும். அதைக் கேட்பதற்கான கருவி துடுப்பு. எல்லையை நான் தேட வேண்டியிருக்கவில்லை: துடுப்பைக் காதில் வைத்தவர் தோணியை வலிக்க முடியாது. கேட்கும் நேரமெல்லாம் தோணி நீரோட்டத்தின் போக்கில் போய்க்கொண்டிருக்கும்.

2024 ஜூன் 2, ஞாயிறு

மூன்று பொருள்களும் இன்று ஒரே கதைக்குள் வந்து சேர்ந்தன. சேர்த்தது முகத்துவாரம்.

எங்கள் வாவியின் வாய் வறண்ட காலத்தில் மணல் திட்டால் அடைபட்டுக் கிடக்கும். வடகீழ்ப் பருவமழையில் நீர் ஏறி வயல்கள் மூழ்கும்போது அதை வெட்டிவிட வேண்டும் என்று கமக்காரர் கேட்பார்கள். வெட்டினால் மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்று மீனவர் அஞ்சுவார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்த இழுபறியை விடச் சிறந்த உச்சக்கட்டத்தை எந்தக் கற்பனையாலும் எனக்குத் தர முடியாது.

கதையில், முகத்துவாரம் அடைபட்டிருக்கும் வரை சொற்கள் வாவியில் தங்கும். வெட்டினால் கடலுக்குப் போய்விடும். களத்தில் குறைத்து அளந்த மனிதர் தம் வீட்டு நெல் முழுவதையும் இழந்து, கள்வர் என்ற பழியோடு இறந்துவிட்டார். அப்படி அளக்குமாறு போடியார் அவருக்கு ஆணையிட்டது ஒரு தோணியில், வாவியின் நடுவே. அந்தச் சொல்லைக் கேட்டு வந்து சபையில் உரைக்க வேண்டியவள் அவருடைய மகள். போடியாரோ அவளை விருந்துக்கு அழைத்துப் பாயை விரித்துவிடுகிறார், தாமும் படலை தாண்ட முடியாது என்பதை அறிந்தே. வாவி வெட்டப்படும் வரை இருவரும் ஒரே வீட்டில் இருந்தால் அவருக்குப் போதும். அவர் விரித்தது பழைய பாய் என்பதையும், அதில் பல பருவம் நெல் காய்ந்திருக்கிறது என்பதையும் பாய் இழைக்கும் ஒரு கிழவி மட்டுமே அறிவாள். அவள் உதவியோடு மகள் வெளியேறும்போது, முகத்துவாரத்தில் மண்வெட்டிகள் இறங்கிவிட்டன.

அந்தக் குழுவில் மகளின் தாயும் நிற்கிறாள். மூழ்கிக்கொண்டிருப்பது அவளுடைய வயலும்தான். ஆகவே நிறுத்துங்கள் என்று மகள் கூவ மாட்டாள். நீர் கடலை நோக்கி இழுக்கத் தொடங்கியபின் அவள் துடுப்பைக் காதில் வைக்க வேண்டும். வைக்கும் ஒவ்வொரு தடவையும் தோணி வெட்டுவாயை நெருங்கும். எடுத்து வலித்தால் சொல் நழுவிவிடும். எத்தனை தடவை வைக்கலாம் என்பதைத் தோணியின் தூரத்தையும் நீரின் வேகத்தையும் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தேன். மூன்று தடவைக்கு மேல் இடமில்லை. தந்தையின் குரல் முதல் தடவையிலும், போடியாரின் குரல் மூன்றாவதிலும் வரட்டும். இரண்டாம் தடவை அவள் கேட்பது வழக்கோடு தொடர்பில்லாத ஒன்று: தாய் என்றோ வாவியைக் கடக்கும்போது அவளுக்காகப் பாடிய தாலாட்டு. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க அவள் விரும்புவாள். அந்த அத்தியாயத்தை முதலில் எழுதப்போகிறேன்.